அவ எட்டாவது பெட்டியில வாரா

அந்த நீலப் பையை அங்கன வைக்காதீங்க தம்பி. வழியில வச்சா வாரவன் போறவன் எல்லாம் மிதிப்பான். உள்ள தள்ளுங்க. அதையும்தான். மொத்தம் எத்தனை உருப்படி? எண்ணலையா? ரொம்ப நல்லாருக்கு. மதுரையில நீங்க ஏறும்போதே பாத்தேன். ஏழு உருப்படி, அதுல மூணு துணிக்கடைப் பை. கைப்பிடி அறுந்துதுன்னா புள்ளையைப் பிடிப்பீங்களா, பையைப் பிடிப்பீங்களா? குடும்பத்தோட போறவன் நாலு உருப்படிக்கு மேல தூக்கக் கூடாது. அந்த நாலையும் ஏறும்போது ஒருக்க, இறங்கும்போது ஒருக்க, நடுவுல கண்ணசந்து முழிச்சா ஒருக்க எண்ணிப் பாக்கணும். சிரிக்காதீங்க. கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருஷத்துல பயணத்துல ஒரு கைக்குட்டை தொலைச்சதில்ல நான்.

என் பேரு சங்கரலிங்கம். திருநெல்வேலி. பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ள வந்தது, எத்தனை மணிக்கு வெளிய போச்சு, எவன் டீக்கடையில எத்தனை நிமிஷம் நின்னான், எல்லாம் என் நோட்டுல இருக்கும். டிரைவர், கண்டக்டர் ஒருத்தனுக்கும் என்னைப் பிடிக்காது. பிடிச்சு என்ன ஆகப்போகுது? வண்டி நேரத்துக்குப் போச்சுல்ல.

பூனாவுக்குப் போறேன். மக அங்க இருக்கா, ஏழாம் மாசம். வளைகாப்பைப் போட்டு, கையோட ஊருக்குக் கூட்டிட்டு வரணும். தனியாவான்னு கேக்கீங்களா? தனியா என்னத்துக்குப் போறேன். சம்சாரமும் வாரா. இதே வண்டிதான். அவ எட்டாவது பெட்டியில இருக்கா, நான் இந்த மூணாவது பெட்டியில இருக்கேன்.

சேந்தாப்பல டிக்கெட் கிடைக்கலையான்னு தானே கேக்க வாரீங்க. எல்லாப் பயலும் இதைத்தான் கேக்கான். கிடைச்சது தம்பி, பக்கத்துப் பக்கத்துல கிடைச்சது. நான்தான் தனித்தனியாப் போட்டேன். அவ என்கூட பயணம் வரமாட்டா. கயாவுல வச்சு விட்டுட்டா. மத்தவளுக கத்தரிக்காயை விடுவாளுக, கொய்யாப்பழத்தை விடுவாளுக, இவ என்கூட பயணம் வாரதை விட்டுட்டா.

உக்காருங்க, உக்காருங்க. நான் அங்க போறேன், அம்மாவை இங்க வரச்சொல்லுங்கன்னு நீங்க சொல்லுதது நல்ல மனசுதான். உங்களை மாதிரி திருநெல்வேலியிலயே ஒருத்தர் சொன்னாரு. சீட்டா தம்பி பிரச்சினை? சீட்டை மாத்திக்கிட்டா அவ அடுத்த பெட்டிக்குப் போயிருவா. போன மாசம் கோவில்பட்டியில ஒரு கல்யாணம். நான் முன் வாசல்ல ஏறினேன், அவ பின் வாசல்ல ஏறினா. சரி, ஒரே பஸ்ஸுதானேன்னு நான் திரும்பிப் பாக்கேன், ஆளைக் காணோம். இறங்கி அடுத்த பஸ்ஸுல வந்தா. தாலி கட்டி முடிச்சு பந்தியும் ஆரம்பிச்சாச்சு. கல்யாண வீட்டுல எல்லாரும் என்னை வெறிச்சுப் பாக்காங்க.

ரயில்னா வேற வேற பெட்டி போதுமாம். அவளே போட்ட சட்டம். ஓடுற வண்டியில நான் அவ பெட்டி வழியா நடந்து போனாக்கூட அது சேந்து போனதாயிருமாம். நானும் லேசுப்பட்டவனா? வண்டி நிக்கும்போது பயணம் இல்லையே, அப்ப வந்து பேசலாம்லான்னு கேட்டேன். யோசிச்சா. ஒரு நாள் முழுக்க யோசிச்சு, சரின்னுட்டா. அதனாலதான் நீங்க மதுரையில ஏறும்போது நான் அவ்வளவு அவசரமா இறங்கி ஓடினது. அஞ்சு பெட்டி தாண்டணும். இந்த முட்டியை வச்சுக்கிட்டு போயிட்டு வரணும். முப்பத்திரண்டு வருஷமா, வண்டி நின்னா ஒருத்தரும் இறங்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தவன் நான். இப்ப நானே ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் இறங்கி ஓடுதேன். எல்லாம் தலையெழுத்து.

போற பயணத்தை விடுங்க. திரும்பி வரும்போது மக கூட வருவாள்ல. வயித்துப் புள்ளைக்காரி. அவளுக்கு இது ஒண்ணும் தெரியாது. அம்மா ஒரு பெட்டியில, அப்பா ஒரு பெட்டியில உக்காந்தா என்னன்னு கேக்க மாட்டாளா? சம்பந்தி வீட்டுக்காரங்க வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வருவாங்க. அவங்க முன்னால நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு வேற பெட்டிக்கு நடக்கணுமா? பூனா போய்ச் சேருததுக்குள்ள இதை முடிச்சாகணும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் எனக்கு நேரம் இருக்கு.

என்ன நடந்ததுன்னு சொல்லுதேன், கேளுங்க. நீங்களும் இனிமேதானே குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு நாலு ஊரு பாக்கப் போறீங்க. உங்களுக்கும் உதவும்.

போன தை மாசம் காசி யாத்திரை. நான், உலகம்மாள், அதான் சம்சாரம், அவ அக்கா வடிவு, வடிவு புருஷன் நெல்லையப்பன். எனக்குச் சகலை. அந்த ஆளைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மிச்சம் விளங்கிரும். பதினஞ்சு நாள் பயணத்துக்கு ஒரு சோடி செருப்போட வந்தவன். அதையும் நாக்பூர்ல தொலைச்சான். தொலைச்சதைச் சொல்லி ரயில் பெட்டியே அதிரச் சிரிக்கான். பக்கத்துல இருக்கவன் என்ன குடுத்தாலும் வாங்கித் திங்கான். இந்தியில ஒரு வார்த்தை தெரியாது, எல்லாவன்கிட்டயும் பேசுதான். ஒழுங்கு கிடையாது, வரைமுறை கிடையாது. அவனை நம்பி ஒரு பொம்பளை குடும்பம் நடத்துதா பாருங்க.

நான் எப்படின்னா, நாலு நாளைக்கு முன்னாலயே எல்லாம் எழுதிருவேன். இட்லி முதல் நாளைக்கு. மிளகாய்ப் பொடியில நல்லெண்ணெய் ஊத்தி ரெண்டு பக்கமும் தடவி, வாழையிலையை அனல்ல வாட்டி அதுல கட்டணும். வாட்டாம கட்டினா இலை கிழியும். புளியோதரை ரெண்டாம் நாளைக்கு. தயிர்சாதம்னா தயிரை ஊத்திப் பிசையக் கூடாது தம்பி, மத்தியானத்துக்குள்ள புளிச்சிரும். பாலை ஊத்திப் பிசைஞ்சு ஒரு கரண்டி தயிரைத் தெளிக்கணும். உங்க வீட்டுக்காரி என்ன கட்டியிருக்கா, பொங்கலா? பொங்கலைத் தின்னுட்டுத் தூங்குவீங்க, களவாணிப்பய பையைத் தூக்கிட்டுப் போவான். கோவிச்சுக்காதம்மா, நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.

அப்புறம் தண்ணி. மடக்கு மடக்காத்தான் குடிக்கணும். குடிச்சா எந்திரிக்கணும், எந்திரிச்சா லைன்ல நிக்கணும், அதுக்குள்ள ஸ்டேஷன் வந்துரும். ஜன்னல் சீட்டு எனக்குத்தான் வேணும், ஏன்னா ஸ்டேஷன் பேரு பாத்து நேரத்தைச் சரிபாக்கணும். காசியில விசுவநாதருக்கு நாப்பது நிமிஷம், அன்னபூரணிக்குப் பதினஞ்சு, விசாலாட்சிக்குப் பத்து. புடவைக் கடைக்குக் கிடையாது. உலகம்மாள் ஒண்ணும் சொல்ல மாட்டா. முப்பத்திரண்டு வருஷமா வாயைத் திறந்து ஒண்ணு வேணும்னு கேட்டதில்ல. அப்படி ஒரு பொம்பளை. திருச்செந்தூரோ, கன்னியாகுமரியோ, கூட வருவா, பையை எண்ணுவா, நேரமாச்சுன்னா எந்திரிச்சு நிப்பா. அவளைக் கூட்டிக்கிட்டுப் போறது எனக்கு ஒரு சிரமமும் இல்ல. அதான் சொல்லுதேன், இவளுக்கு என்ன கேடு வந்ததுன்னு எனக்கு விளங்கவே இல்ல.

இருங்க, திண்டுக்கல் வருது. அவளுக்கு இட்லிப் பொட்டலம் குடுக்கணும். பையைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. நாலு இருக்கு, எண்ணி வச்சுக்கிடுங்க.

வந்துட்டேன். நாலுதானே? சரி.

நல்லாத்தான் இருக்கா. நல்லா இல்லாம என்ன? சுத்தி நாலு பொம்பளைக, ஒருத்தி வேர்க்கடலை குடுக்கா, ஒருத்தி வடை குடுக்கா, எல்லாத்தையும் வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கா. என்னத்தையோ சொல்லிச் சிரிக்கா. நான் போய் ஜன்னல்கிட்ட நிக்கேன், சிரிப்பை நிறுத்திட்டு, பிரஷர் மாத்திரை போட்டீங்களாங்கா. மாத்திரை டப்பா அவகிட்டதான் இருக்கு. கம்பி வழியா ஒண்ணை எடுத்து நீட்டுதா. பாட்டில் தண்ணியையும் நீட்டுதா. நான் முழுங்குறவரை பாத்துட்டு, சரி போங்க, வண்டி எடுத்துருவான்ங்கா. இவ்வளவுதான் பேச்சு. முட்டி வலியோட அஞ்சு பெட்டி நடந்து போனதுக்கு இதுதான் மரியாதை.

எங்க விட்டேன்? காசி. காசியில ஒண்ணும் இல்ல. பிரயாகையில ஒரு சடங்கு இருக்கு. வேணி தானம்பாங்க. புருஷன் பெண்டாட்டி தலையைச் சீவி, பின்னல் போட்டு, பூ வச்சு, அந்தப் பின்னல் நுனியில ரெண்டு அங்குலம் நறுக்கி, மூணு ஆறும் சேருத இடத்துல விடணும். அவ புருஷன் மடியில உக்காந்துக்கிடணும். நாலு பேர் பாக்க, படகுல வச்சு. எவன் கண்டுபிடிச்சானோ.

அன்னைக்கு மத்தியானம் ரெண்டு பத்துக்கு எங்களுக்குக் கயாவுக்கு வண்டி. நான் கணக்குப் போட்டு வச்சிருந்தேன். பதினோரு மணிக்குப் படகு, பன்னெண்டுக்குக் கரை, பன்னெண்டரைக்குச் சாப்பாடு, ஒரு மணிக்கு ஸ்டேஷன். ஒரு மணி நேரம் முன்னாலயே போயிரணும் தம்பி, அதுல மட்டும் விட்டுக்குடுக்கவே கூடாது. இந்த நெல்லையப்பன் இருக்கானே, அவன் முதல்ல ஆரம்பிச்சான். பெண்டாட்டியை மடியில உக்கார வச்சுக்கிட்டுச் சீவுதான், சீவுதான், சீவிக்கிட்டே இருக்கான். சீப்பு சிக்கிக்கிட்டு. அவ ஆன்னு கத்துதா. பின்னத் தெரியாது. மூணாப் பிரிக்கச் சொன்னா நாலாப் பிரிக்கான். சடங்கு பண்ணி வைக்கிற ஐயர் தமிழ் பேசுறவரு, அவரே சிரிக்காரு. படகுக்காரன் சிரிக்கான். வடிவு சிரிச்ச சிரிப்புல மடியில இருந்து நழுவி விழப்பாத்தா. முக்கால் மணி நேரம். கடைசியில ஒரு பின்னல் போட்டான் பாருங்க, அவ்வளவு கோணல். அதை அவ காசிக்குத் திரும்பி வார வரைக்கும் அவுக்கலை. அந்தக் கோணலோடயே கயாவெல்லாம் சுத்தினா. அம்பத்தெட்டு வயசுல வெக்கம் மானம் வேண்டாமா?

பிறகு எங்க முறை. மணி பன்னெண்டே கால். இவ என்ன பண்ணியிருக்கான்னா, காலையில அந்தப் பனியில எந்திரிச்சு, தலைக்கு ஊத்திட்டு வந்திருக்கா. ஊர்ல இருந்தே ஒரு புதுச் சீப்பு வாங்கி, எனக்குத் தெரியாம முந்தானையில முடிஞ்சு வச்சிருந்திருக்கா. பட்டியல்ல இல்லாத சாமான். கூந்தலை அவுத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உக்காந்து, தோளுக்கு மேல அந்தச் சீப்பை நீட்டுதா. நான் வாட்சைப் பாத்தேன். நேரமாகுது சாமி, பின்னல் எல்லாம் வேண்டாம், நுனியை நறுக்கினாப் போதும்லான்னு கேட்டேன். ஐயர் சொன்னாரு, பின்னித்தான் குடுக்கணும், மூணு ஆறு சேருத மாதிரி மூணு புரியும் சேரணும்னு. நான் விடலை. கத்தரியை வாங்கினேன், நுனியைப் பிடிச்சேன், நறுக்கினேன், தண்ணியில போட்டேன். அரை நிமிஷம். பன்னெண்டரைக்கு டாண்ணு கரையில இருந்தோம். நெல்லையப்பன் தின்ன நேரத்தை நான் மிச்சப்படுத்திக் குடுத்தேன்.

சீப்பு எங்கடின்னு கேட்டேன். கங்கையில போட்டுட்டேன்ங்கா. புதுச் சீப்பு.

ஸ்டேஷனுக்குப் போனா, பனிமூட்டம், வண்டி அஞ்சு மணி நேரம் லேட்டு. அது யார் குத்தம்? என் குத்தமா? நாங்க நேரத்துக்குப் போயிட்டோம், வண்டிதான் வரலை. அஞ்சு மணி நேரமும் அவ பிளாட்பாரத்துல துணிப் பெட்டி மேல தலைவிரி கோலமா உக்காந்திருந்தா. முடியை முடியலை. பாக்கிறவன் என்ன நினைப்பான், முடிஞ்சுக்கோன்னு மூணு தடவை சொன்னேன். கேக்கலை. சாப்பிடலை. புளியோதரையை நெல்லையப்பன்தான் தின்னான். குளுருதுன்னு நினைச்சு என் மப்ளரைக் குடுத்தேன். வாங்கி மடியில வச்சுக்கிட்டா.

கயாவுல ஒரு ஆலமரம் இருக்கு. அங்க வச்சுத்தான் விடணும். ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை. இனி சாகுற வரைக்கும் அதைத் தொடக் கூடாது. பிடிச்சதைத்தான் விடணும், அதான் அதுல விஷயம். வடிவு மதினி பாவக்காயை விடுதேன்னா. எனக்கு வந்தது பாருங்க கோவம். பிறந்ததுல இருந்து பாவக்காயைத் தொட்டதில்ல அவ. சாமிகிட்டயே கள்ளத்தனமான்னு கேட்டேன். பிடிக்காததை விடுறதுக்கு ரயிலேறி இவ்வளவு தூரம் வரணுமா, நம்ம ஊர்க் குப்பைத்தொட்டி போதாதா, பிடிச்சதை விடு, விட்டா நெஞ்சு வலிக்கணும், அப்பத்தான் அது செல்லும்னு நல்லா நாலு வார்த்தை குடுத்தேன். அங்க இருந்தவன் எல்லாம் தலையாட்டினான். வடிவு முகம் சுண்டிப்போச்சு. மாம்பழத்தை விட்டா. நெல்லையப்பன் வடையை விடுதேன்னு சொல்லி, வடை காயும் இல்ல பழமும் இல்லன்னு கயா ஐயர்கிட்டத் திட்டு வாங்கினான்.

அப்புறம் இவளைக் கேட்டாரு. இவ என்ன சொல்லுவா, முருங்கைக்காயை விடுவான்னு நான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். அவளுக்கு முருங்கைக்காய்னா உசுரு. கையைக் கூப்பிக்கிட்டு, நிதானமா, "இனி இவங்களோட பயணம் போறதை விடுதேன்"னு சொல்லிட்டா.

அப்படியெல்லாம் விட முடியாதும்மா, ஏதாவது காய் சொல்லுன்னாரு ஐயர். காயும் விடுதேன், முருங்கைக்காய். பழமும் விடுதேன், இலையும் விடுதேன். இதையும் விடுதேன்ங்கா. தண்ணியை ஊத்தி விட்டுட்டா. முடிஞ்சது. அன்னைக்குத் திரும்பும்போதே அவ, அக்கா கூட ஒரு பெட்டி. நானும் நெல்லையப்பனும் ஒரு பெட்டி. ரெண்டு நாள் அவன்கூட உக்காந்து வந்தேன். அந்தத் தண்டனை என் விரோதிக்கும் வேண்டாம்.

வீட்டுல எப்பவும் போலத்தான் இருக்கா, அதைச் சொல்லிரணும். சண்டை இல்ல, முறைப்பு இல்ல. காப்பி வருது, சோறு வருது. முட்டிக்குத் தைலம் தேச்சு விடுதா. பஸ்ஸுல ஏறினாத்தான் இவ யாரோ, நான் யாரோ. நானும் எத்தனையோ கேட்டுப் பாத்தேன். காசியில புடவை எடுக்க விடலையே, அதுவான்னேன். இல்லைங்கா. இட்டார்சி ஸ்டேஷன்ல மண் குவளையில டீ கேட்டியே, வேண்டாம்னேனே, அதுவான்னேன். இல்லைங்கா. தண்ணி குடிக்க விடலையே, அதுவான்னேன். அதெல்லாம் பழகிப்போச்சுங்கா. பின்னே என்னதான்டின்னா, எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருதா. அவ அக்காகாரிதான் ஏதோ ஓதிவிட்டிருக்கான்னு எனக்கு ஒரு சந்தேகம். பாவக்காய்க் கோவம்.

என்னம்மா? நீ இப்பத்தான் வாயைத் திறக்க. அந்தப் படகுல நடந்ததைப் பத்தி அவகிட்டக் கேட்டீங்களான்னா? படகுல என்ன நடந்தது? உனக்குப் பொங்கல் தின்ன தூக்கம், சரியாக் கேக்கலை. படகுலதான் எல்லாம் நேரத்துக்கு நடந்ததுன்னு சொன்னேனே.

கரூர்ல இதுக்கு ஒரு முடிவு கட்டிருவேன். நேத்து ராத்திரி பூரா படுத்து யோசிச்சு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். டிப்போவுல யூனியன்காரனையே மடக்கினவன் நான். என்ன கேக்கப் போறேன்னு சொல்லுதேன், நீங்களே சொல்லுங்க. பிடிச்சதைத்தான் விடணும்னு விதி. அப்ப, உலகம்மா, என்கூட பயணம் வாரது உனக்குப் பிடிக்குமா பிடிக்காதா? பிடிக்காதுன்னா, பிடிக்காததை விட்டது செல்லாது, பாவக்காய் மாதிரி. நீ என்கூட வரலாம். பிடிக்கும்னா, வாயாலேயே ஒத்துக்கிட்டே, பிறகு எதுக்கு வறட்டு வீம்பு? வா. எந்தப் பக்கம் போனாலும் கதவை அடைச்சாச்சு. என்ன தம்பி சொல்லுதீங்க? வக்கீல்கூட இப்படி யோசிக்க மாட்டான்ல?

வண்டி மெதுவாகுது பாருங்க. ஒரு நிமிஷம் பிந்தி வாரான். நிக்கிறது நாலே நிமிஷம். நான் முன்னாலயே வாசலுக்குப் போறேன். நாலு உருப்படி.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இல்ல, தண்ணி வேண்டாம். மூச்சு வாங்குது, அவ்வளவுதான். பச்சைக் கொடி காட்டினதுக்குப் பிறகு ஏழாவது பெட்டியில ஏறினேன், எவனோ ஒருத்தன் கையைக் குடுத்தான், உள்ள வழியாவே நடந்து வந்தேன். இப்படி ஏறுறவனை எல்லாம் நான் ஒரு காலத்துல என்ன பேச்சுப் பேசியிருக்கேன் தெரியுமா?

கேட்டேன். நான் சொன்ன மாதிரியே கேட்டேன், ஒரு வார்த்தை மாறாம. அந்தப் பொம்பளைக எல்லாம் பேச்சை நிறுத்திட்டுப் பாத்தாளுக. பாக்கட்டும்னு கேட்டேன். பிடிக்குமா, பிடிக்காதா?

அவ ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்தா. பிறகு சொன்னா. "பிடிச்சுத்தான் இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் நீங்க கிளம்புன்னு சொன்னா, எனக்கு முந்தின நாளே தூக்கம் வராது. அந்தப் படகுல தலையை அவுத்துட்டு உக்காந்தேன் பாருங்க, அது வரைக்கும் பிடிச்சுத்தான் இருந்துச்சு. விட்டப்ப நெஞ்சு வலிச்சுது. அதனால செல்லும்."

அவ்வளவுதான் தம்பி. நான் குடுத்த அதே வார்த்தை. என் சட்டத்தை எடுத்து என் தலையிலயே போட்டுட்டா. வண்டி எடுத்துட்டான், ஓடுங்க, பாத்து ஏறுங்கன்னு அவதான் கத்துதா. அப்பத்தான் ஓடினேன்.

உங்க வீட்டுக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா பாருங்க. அவளுக்கு மொதல்லயே விளங்கிட்டு. பொம்பளைகளுக்கு இதெல்லாம் எப்படித்தான் விளங்குதோ. நான் ஒருத்தன்தான் மண்ணு. எட்டு மாசமா டீயா, புடவையான்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

ஒண்ணு சொல்லுதேன், வெளிய சொல்லாதீங்க. எனக்குப் பின்னத் தெரியாது. அந்த நெல்லையப்பனுக்கும் தெரியாதுதான். நாலாப் பிரிச்சான்னு சொன்னேன்ல, சிரிச்சேன்ல. எனக்கு ரெண்டாப் பிரிக்கவும் தெரியாது தம்பி. எனக்கு அக்கா தங்கச்சி கிடையாது. மகளுக்கு அவதான் பின்னி விடுவா, நான் ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு கத்துவேன். அவன் பின்னத் தெரியாம முழிச்சப்ப அந்தப் படகே சிரிச்சுது. அடுத்து நான். இவ சீப்பை நீட்டுதா. அந்த முடி ஈரமா என் முட்டி மேல கிடக்கு. இவ்வளவு முடியான்னு இருந்தது எனக்கு. இத்தனை வருஷத்துல நான் அதைத் தொட்டுப் பாத்ததில்ல. அந்தப் படகுக்காரப் பய முன்னால நான் எப்படி முழிப்பேன்? நேரமாகுதுன்னு சொல்லிட்டேன். நேரம் இருந்துச்சு தம்பி. பன்னெண்டே கால்தான். அரை மணி நேரம் பின்னியிருந்தாக்கூடச் சாப்பாட்டை விட்டுட்டுப் போயிருக்கலாம். வண்டி வேற அஞ்சு மணி நேரம் லேட்டு.

தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவளே எப்படின்னு சொல்லிக் குடுத்திருப்பா. முப்பத்திரண்டு வருஷத்துல எனக்கு ஒண்ணு தெரியாதுன்னு நான் அவகிட்டச் சொன்னதே கிடையாது.

அடுத்து நாமக்கல், அங்க ஒரு நிமிஷம்தான் நிப்பான், அது ஆகாது. சேலத்துல அஞ்சு நிமிஷம். அஞ்சு பெட்டி நடந்து போகவே ரெண்டு நிமிஷம் ஆயிரும். மிச்சம் மூணு நிமிஷத்துல இதைச் சொல்லி முடிக்க முடியுமா தம்பி?